அரிவாள்மனை, பால் கணக்கு, தேர் வடம்: அன்றாடத்தில் உவமை தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, அவரவர் வீட்டுச் சாமான்களைப் பற்றியும் பழைய ஞாபகங்களைப் பற்றியும் எழுதி, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுகிறோம். ரிட்டயர் ஆனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், சமையலை முடித்துவிட்டு ஓடி வருகிற அக்காமார்கள் என்று எல்லாரும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

உவமை எல்லாம் கவிஞர்கள் சமாச்சாரம். நமக்கு எதற்கு?

இன்று காலையிலிருந்து உங்கள் காதில் விழுந்த பேச்சை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வாய் கொடுத்து மாட்டிக்கிட்டேன், கை கழுவிட்டான், வயிறு எரியுது, நூல் விட்டுப் பார்க்கிறான். எல்லாமே யாரோ ஒருவர் எதையோ கண்ணால் பார்த்துச் சொன்னவைதான், பழகிப் பழகி உவமை என்றே நமக்குத் தெரியாமல் போய்விட்டது. 1980-ல் ஜார்ஜ் லேகாஃப், மார்க் ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், உவமை பேச்சுக்குப் போடும் நகை இல்லை, நாம் யோசிப்பதே அதை வைத்துத்தான் என்று ஒரு புத்தகம் முழுக்க வாதாடினார்கள். நமக்கு அதற்குப் புத்தகம்கூட வேண்டாம், 'ஆறு' என்கிற ஒரு வினைச்சொல் போதும்.

சோறு ஆறுகிறது. புண் ஆறுகிறது. கோபம் ஆறுகிறது. மனசு ஆறவே மாட்டேங்குது என்கிறோம், துக்க வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்கிறோம். காபி ஆற்றுகிறவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டம்ளருக்கும் டபராவுக்குமாக மாற்றி மாற்றி ஊற்றுவார், அவசரப்பட்டால் கை சுடும், அப்படியே விட்டுவிட்டால் மேலே ஆடை படியும். துக்க வீட்டில், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்க, வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்ல, கேட்டவர் அடுத்தவரிடம் சொல்ல, அதற்குள் இன்னொருவர் வந்து மறுபடியும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். சின்ன வயதில் எனக்கு அது பெரிய கொடுமையாகத் தெரியும், ஏன் இவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள் என்று கோபமாக வரும். அது ஆற்றுவது என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

உவமை, உருவகம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தேன் போன்ற தமிழ் என்றால் உவமை. தமிழே தேன், அதாவது தமிழ்த்தேன் என்றால் உருவகம். ஒன்றில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, மற்றதில் ஒன்றாகிவிடுகின்றன. எழுதும்போது எது வருகிறதோ அது வரட்டும், இதற்குமேல் இதில் நிற்க வேண்டாம்.

என் வாழ்க்கையில் எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லையே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், எனக்கு மிகவும் பிடித்த பதிலும் இதற்குத்தான் இருக்கிறது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது சில பாடல்களை எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. அப்போது அந்தப் பாட்டில் வருகிற ஓர் உவமையையோ ஒரு சொற்றொடரையோ எடுத்து, அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகையில் ஒருவர் பெயர் குப்பைக் கோழியார். குப்பை மேட்டில் இரண்டு கோழிகள் சண்டை போடுகின்றன, ஏவிவிட்டவரும் இல்லை, விலக்கிவிட ஆளும் இல்லை, அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு, என் நோயும் அப்படித்தான் என்று ஒரு பெண் சொல்கிற பாட்டு. இன்னொருவர் அணிலாடு முன்றிலார். ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது, அவன் இல்லாத ஊர் எனக்கு அப்படி இருக்கிறது என்று பாடியவர். ஓரேருழவனார் என்று ஒருவர், மழை பெய்து மண் பதமாக இருக்கிறது, இருப்பதோ ஒரே ஏர், ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும் என்கிற பதற்றத்தைத் தன் காதலுக்குச் சொன்னவர். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இருக்கிறார், இரண்டு பக்கமும் யானை இழுக்கிற இற்றுப்போன பழைய கயிறு.

கோழி, அணில், ஏர், கயிறு. இவர்களின் ஊர், அப்பா பெயர், என்ன வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் போய்விட்டது. ஒருநாள் குப்பை மேட்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது மட்டும் பெயராக மிஞ்சி, நம் கைக்கு வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சரி, பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? எனக்கு அது வெறும் சாமானாகத்தான் தெரிகிறது.

தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களாக நாலைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அந்தப் பொருள் என்ன செய்கிறது, அதனால் என்ன விளைகிறது, அதன் வடிவம் என்ன, நிறம் என்ன. இலக்கண விதியாகப் படிக்காமல் நாலு கேள்வியாக எடுத்துக்கொண்டால், கண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து கிடையாது.

எங்கள் அம்மாவின் அரிவாள்மனையை வைத்து நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். உரு: அலகு முழுக்க வாழைக்காய்க் கறை ஏறிக் கருத்துப் போயிருக்கிறது, விளிம்பில் மட்டும் நூல் கட்டின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வெட்டுவது அந்தக் கோடு மட்டும்தான். மெய்: சாணை பிடித்துப் பிடித்து நடுவில் குழிந்து, மூன்றாம் பிறை மாதிரி ஆகிவிட்டது. பயன்: குழம்பு நன்றாயிருந்தால் யாரும் அரிவாள்மனையைப் பற்றிப் பேசுவதில்லை.

வினையில்தான் மாட்டிக்கொண்டேன். வெட்டுகிறது, வேறென்ன என்று இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு கத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. கத்தியில் காய் நிற்கும், கத்தி போகும். அரிவாள்மனையில் அரிவாள் நிற்கும், காய்தான் அதனிடம் போகும். எங்கள் வீட்டில் கடன், சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாமே அம்மா பலகையில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்து காய் அரிகிற நேரத்தில்தான் அம்மாவிடம் போகும். அம்மா எழுந்து யாரிடமும் போய்ப் பேசினதில்லை. முழுசாகப் போன விஷயம் துண்டு துண்டாகத் திரும்பி வரும்: இதை நாளைக்குப் பார்ப்போம், இதை அப்பாவிடம் சொல்லாதே, இது சொத்தை, தூக்கிப் போடு. என் அம்மா எப்படிப்பட்டவர் என்று முப்பது வருஷமாக யாருக்கும் சொல்லத் தெரியாமல் இருந்தேன், அன்றைக்குத் தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நான் அம்மாவைப் பற்றி யோசித்து அரிவாள்மனையைத் தேடிப் போகவில்லை. அரிவாள்மனையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா வந்து சேர்ந்தார். பெரும்பாலானவர்கள் அவசரத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், முதலில் ஒரு கருத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமாக ஒரு சாமானைத் தேடுகிறார்கள். அப்படி எழுதினது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

'வாழ்க்கை ஒரு பயணம்' என்று எழுதினேன், யார் மனதிலும் ஒட்டவில்லை. ஏன்?

எந்த பஸ் என்று சொல்லவில்லை, அதனால்தான். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்த பயணமா, மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டிக்கொண்ட பயணமா, நின்றுகொண்டே வந்து நாம் இறங்கும் ஊரில் பஸ் காலியான பயணமா? அதை எழுதுங்கள். 'பயணம்' என்கிற சொல்லே தேவைப்படாது.

இதற்கு இதுதான் அர்த்தம் என்று கடைசியில் விளக்கணுமா?

வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். சங்கக் கவிதையில் உள்ளுறை என்று ஒன்று உண்டு: மீனையும் கொக்கையும் வயலையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள், 'போல' என்ற சொல்லே வராது, சொல்ல வந்தது உள்ளே உறைந்து கிடக்கும். கேட்கிறவள் எடுத்துக்கொள்வாள்.

எங்கள் ஆச்சியின் வீட்டில் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும், அதில்தான் பால் கணக்கு. கட்டத்துக்குக் கட்டம் பென்சிலால் 'அரை', 'அரை', 'அரை' என்று போகும், என்றைக்காவது நாங்கள் லீவுக்கு வந்திருந்தால் 'ஒண்ணு'. ஆச்சி போனபிறகு வீட்டை ஒழித்தபோது பரண் மேல் அந்தக் காலண்டர்கள் வருஷவாரியாகச் சுருட்டிக் கட்டி இருந்தன. தாத்தா இறந்த மாதத்தைத் தேடி எடுத்தேன். பதினோராம் தேதி வரைக்கும் அரை. பன்னிரண்டாம் தேதி ஐந்து. பதிமூன்று, ஐந்து. அப்புறம் நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கி, பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடியும் ஆறுக்கு ஏறி, அதற்கு மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாளிலிருந்து மாதக் கடைசி வரைக்கும், அடுத்த மாதம் முழுக்க, அதற்கடுத்த எல்லா வருஷமும், கால்.

இதைக் கூட்டத்தில் படித்தபோது நான் 'கால்' என்பதோடு நிறுத்தினேன். ஒருவர் மட்டும், கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்றார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பது நிஜமாகவே நடந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகப்படுவது நியாயம்தான். கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றைத் தன் ஊர்க்காரர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து நாள் திரும்பச் சொல்ல வைத்தார். 1932-ல் வெளியிட்டார். கதையில் இருந்த பழங்குடித் தோணி சாதாரணப் படகாக மாறியிருந்தது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகியிருந்தது. தனக்குப் பழகிய உலகத்துக்குத் தக்கபடி ஒவ்வொருவரும் கதையைத் தைத்துக்கொண்டார்கள். 1995-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் இருவரும் 24 பேரிடம், 'நீங்கள் சின்ன வயதில் கடைவீதியில் தொலைந்து போனீர்கள்' என்று நடக்காத ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்கள். 6 பேர் முழுசாகவோ கொஞ்சமாகவோ அதை 'ஞாபகப்படுத்தி'ச் சொன்னார்கள். வெல்லப்பாகு மாதிரிதான் ஞாபகமும், சூடு காட்டினால் இளகும், திரும்ப இறுகும்போது பழைய வடிவத்திலேயே இறுகும் என்று சொல்ல முடியாது.

என்னுடையதையே சொல்கிறேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைத் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். வடம் மேலேயிருந்து பார்க்க ஒரு பெரிய சடை மாதிரி தெருவில் கிடந்தது, தாத்தாவின் தலைமுடியில் தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. ஐம்பது தடவை இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் சித்தி கேட்டுவிட்டு, "உங்க தாத்தா அந்த வருஷம் கட்டில்ல இல்ல கிடந்தாக, உன்னைத் தூக்கினது உங்க சித்தப்பா" என்றார்.

இரண்டையும் எழுதுங்கள் என்பதுதான் என் பதில். நடந்ததை நடந்ததாக எழுதுங்கள், அப்புறம் உங்கள் மனது அதை எங்கே மாற்றியது என்பதையும் எழுதுங்கள். சித்தப்பா தூக்கினார், ஆனால் நான் தாத்தாவின் தோளில் இருக்க ஆசைப்பட்டிருக்கிறேன், அந்த ஆசை எண்ணெய் வாசனையோடு சேர்ந்து ஞாபகமாகவே ஆகிவிட்டிருக்கிறது. எனக்கு இப்போது இரண்டு தோள்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நிபந்தனை: மற்றவர்கள் மேல் பழி சொல்லும்படியான ஞாபகம் என்றால், எழுதுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

வாசனை வந்தால் மட்டும் ஏன் சட்டென்று எல்லாம் திரும்பி வருகிறது?

பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். வாசனைக்கு அந்த இடைநிலை கிடையாது, உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகளுக்குக் குறுக்கு வழி உண்டு. மண்ணெண்ணெய் வாசனை அடித்தால் எனக்கு ரேஷன் கடை வரிசை மொத்தமும் வந்துவிடும், முன்னால் நின்றவரின் வயர்கூடை நிறம் உட்பட.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்கிறேன். அது போதாதா?

2014-ல் லிண்டா ஹெங்கல் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சுற்றிவர வைத்துப் பார்த்தார். வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் போட்டோ எடுத்த பொருள்கள் அவர்களுக்குக் குறைவாகத்தான் நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எனக்கு இந்த இரண்டாவது பகுதி ரொம்பப் பிடிக்கும். போட்டோ எடுங்கள், வீடு முழுக்க எடுக்காமல் கதவில் உங்கள் உயரத்தைக் குறித்த அந்தக் கரிக்கோட்டை எடுங்கள்.

தப்பான உவமை என்று ஒன்று உண்டா?

உண்டு, அதில் மனுஷர்கள் காலத்துக்கும் மாட்டிக்கொள்கிறார்கள். 'பெண்ணைக் கரையேத்திட்டேன்' என்று சொல்லாத அப்பா நம் ஊரில் குறைவு. பாசத்தோடுதான் சொல்கிறார்கள், நிம்மதிப் பெருமூச்சோடு சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இறங்கிப் பாருங்கள்: கரை என்று ஒன்று இருந்தால் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது. புகுந்த வீடு கரை என்றால், பிறந்த வீடு என்ன? பெண் இருபத்தைந்து வருஷம் எதில் மிதந்துகொண்டிருந்தாள்? எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு பெண் இதைப் பற்றி எழுதினாள். தன் அப்பாவுக்குப் பதில் சொல்கிற மாதிரி எழுதின ஒரு கடிதம், அதில் ஒரு வரி: "அப்பா, நான் கரையில்தான் பிறந்தேன். நீங்கள்தான் என்னைப் படகில் ஏற்றினீர்கள்." அவள் அம்மா அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை, அப்புறம் தன் கல்யாணத்தைப் பற்றி முதல்முறையாகப் பேசினார்.

நோயைப் போராக்குவதும் இதே மாதிரிதான். 'புற்றுநோயோடு போராடித் தோற்றார்' என்று எழுதும்போது, இறந்தவர் சரியாகச் சண்டை போடவில்லை என்கிற பழி உள்ளே நுழைந்துவிடுகிறது. தானே அந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்த அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் இதை 1978-லேயே கடுமையாகக் கேட்டார். ஓர் உவமையைப் பயன்படுத்தும் முன் அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள், நிற்கிறவருக்கு வலிக்குமென்றால் விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறதா? பல்லி விழுந்தால்கூடவா?

இல்லை. சகுனம் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லப் பார்க்கும். நாம் தேடுவது நேற்று நடந்தது என்ன என்பதை. பல்லி விழுந்தால் தட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

அம்மாவுக்கு மறதி நோய். நடக்காததை எல்லாம் சொல்கிறார். திருத்தணுமா, விடணுமா?

இதற்கு மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, முதலில் அவற்றைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் நான் சொல்ல முடியும்.

பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும், "பொழுது சாயுது, நான் வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள். இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடும். "இதுதான் பெரியம்மா வீடு" என்று நாங்கள் எல்லாரும் மாற்றி மாற்றிச் சொல்வோம். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம்தான் அதிகமாகும், நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளை அடைத்து வைத்திருப்பதாக அழுவாள்.

ஒருநாள் என் மகள், காலேஜ் படிக்கிறவள், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்த வீட்ல இப்போ என்ன நடந்துகிட்டிருக்கும் ஆச்சி?" என்று கேட்டாள். பெரியம்மா உடனே, "விளக்கு வைக்கிற நேரம். மாடு கத்திக்கிட்டு நிக்கும். கீரை ஆயணும், எங்க அம்மை தேடுவா" என்றாள். எழுபது வருஷத்துக்கு முந்தைய வீடு அது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கட்டடத்தைக்கூட இல்லை, தன்னைத் தேடுகிற ஓர் ஆளை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. எத்தனை மாதம் வெறும் முகவரியைத் திருத்திக்கொண்டிருந்தோம்!

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு முன்னாலேயே ஒரு கட்டு முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு அவள் முன்னால் வைத்துவிடுகிறோம், யாராவது ஒருவர் அடுக்களையிலிருந்து "பெரியம்மா, எங்க இருக்கீங்க, கீரை ஆயிஞ்சாச்சா?" என்று குரல் கொடுக்கிறோம். "இந்தா ஆயுதேன்" என்று பதில் வரும். என் பெயர் அவளுக்கு நினைவில்லை. விரலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது: ஈர்க்கை இடது கையில் பிடித்து வலது கையால் ஓர் உருவு, இலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம், பழுத்தது தனியாக. நடுவில் முருங்கைப்பூ ஏதாவது வந்தால் மட்டும் கை நிற்கும். அதை எடுத்துத் தட்டித் துடைத்து, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறோமோ அவர்கள் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கி மூடிவிடுவாள்.